மாடித் தொட்டியில் பூப்பது பிரம்ம கமலமா?

உத்தராகண்டின் மலைப்பூக்கள் பற்றி வந்த கேள்விகள் இவை. மழைக்காலத்தில் அந்தப் பாறைகளில் நாலு தடவை ஏறி இறங்கிய அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

போன வாரம் ராத்திரி எங்கள் மாடியில் பிரம்ம கமலம் பூத்தது. தெருவே வந்து கும்பிட்டது. இமயமலைப் பூ திருச்சி வெயிலைத் தாங்குமா? (திருச்சி)

தாங்காது. உங்களிடம் இருப்பது நிஷாகந்தி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கள்ளி. தட்டைத் தண்டின் விளிம்பிலிருந்து பூ தொங்கும், விடிவதற்குள் துவண்டுவிடும். நிஜப் பிரம்ம கமலம் பட்டப்பகலில் நிமிர்ந்து நிற்கும். சூரியகாந்திக் குடும்பம், தாமரைக்கும் உறவில்லை. அதற்காகக் கும்பிட்டவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டாம். அந்த வாசனைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

படத்தில் இதழெல்லாம் வெளிறிய பச்சையாக இருக்கிறதே, வாடிய பூவா? (ஈரோடு)

அவை இதழே இல்லை, இலைகள். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் பூவைப் பொத்தி வைத்திருக்கும். ஹேம்குண்ட் ஏரிக்கு மேலே ஒரு சரிவில் மழை விட்டதும் குனிந்து மடல் இடுக்கில் பார்த்தேன். வெளியே சொட்டச் சொட்ட ஈரம். உள்ளே கருஊதாக் குஞ்சங்கள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு துளி படாமல் இருந்தன. நிஜமான பூ அந்தக் குஞ்சம்தான். மகரந்தம் நனையாது, வெயிலடிக்கும்போது உள்ளே வெளியைவிடக் கதகதப்பு. உடம்பெல்லாம் ரோமமுள்ள ஒரு குண்டுத் தேனீ அதற்குள் ஒதுங்கியிருந்தது. எனக்கும் ஒதுங்க இடம் கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

மண் இருக்கும் இடத்தை விட்டுப் பாறையில் ஏன் வளர்கிறது? (நாகர்கோவில்)

பாறை இடுக்கிலும் மண் உண்டு, கொஞ்சம்தான். தண்ணீர் தேங்காது, காற்று நேரடியாக அறையாது, பகல் சூட்டைக் கல் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும். மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே, சுமார் 3,700 முதல் 4,600 மீட்டர் வரை இதன் ராஜ்ஜியம். பனிக்காலம் முழுக்க மேலே ஒன்றும் தெரியாது. மண்ணுக்குள் இருக்கும் தடித்த வேர்த்தண்டு பனி உருகியதும் துளிர்க்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பூ. அடுத்த பனி விழுவதற்குள் விதை முற்றியாக வேண்டும்.

பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போனோம், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. (சென்னை)

பலருக்கும் நேர்வதுதான். பள்ளத்தாக்கின் நடைபாதை இதற்குத் தாழ்வு. பக்கத்துக் கிராமமான காங்கரியாவில் தங்கி மறுநாள் விடியற்காலை ஹேம்குண்ட் பாதையில் ஏறுங்கள். 6 கிலோமீட்டர்தான், ஆனால் 1,000 மீட்டருக்கு மேல் ஏற்றம், முழங்கால் பேசும். கடைசிப் பகுதியில் வலது இடது பார்த்துக்கொண்டே போங்கள். மேலே இரவு தங்க விடமாட்டார்கள், அன்றே இறங்க வேண்டும். ஆகஸ்ட் நல்ல மாதம். நிலச்சரிவில் சாலை அடைபடும் மாதமும் அதுவே, இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் விதை விற்கிறார்களே? (சேலம்)

வாங்காதீர்கள்.

கேதார்நாத்தில் சாத்துவதற்கு ஒன்று பறித்தால் என்ன குறைந்துவிடும்? (தஞ்சாவூர்)

நந்தா அஷ்டமித் திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் மேலேறிப் பறித்து வந்து நந்தாதேவிக்குச் சாத்துவது அங்கே பழைய வழக்கம். அதில் எனக்குக் குறையில்லை. சிக்கல் நம்மைப் போல யாத்திரை போகிறவர்களின் கூட்டத்தில். காற்றில் பறக்க வேண்டிய விதை முற்றும் முன்பே தலை போய்விடுகிறது. உத்தராகண்டின் மாநில மலர் இது. ஒருமுறை இறங்கும் வழியில் ஒருவர் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மடலெல்லாம் பழுப்பாகி, மளிகைக் கடைப் பொட்டலக் காகிதம் போல் கசங்கிக் கிடந்தது.