ஸ்கின்ஹெட், யூனியன் ஜாக், ஸ்கா: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

பிரிட்டிஷ் ஸ்கின்ஹெட்ஸ், அதான் முடிய ஒட்ட வெட்டின தொழிலாளி வீட்டுப் பசங்க கூட்டம், ஆரம்பத்துல ஜமைக்கா பாட்டுக்குத்தான் ஆடினாங்கன்னு ஒரு வரி எழுதினேன், கேள்வி குவிஞ்சிடுச்சு. முடிஞ்ச வரைக்கும் பதில் போடறேன்.

கேள்வி: அண்ணே, ஸ்கின்ஹெட்னாலே இனவெறியனுங்கதானே? எப்படி நம்புறது?

பதில்: நம்பித்தான் ஆகணும் தம்பி. 1948ல எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் பிரிட்டனுக்கு வந்தப்புறம் கரீபியன் குடும்பங்க நிறைய வந்து குடியேறிச்சு, அவங்க பிள்ளைங்களும் வெள்ளைக்காரத் தொழிலாளி வீட்டுப் பசங்களும் ஒரே தெருவுல, ஒரே டான்ஸ் ஹால்ல வளர்ந்தாங்க. 60கள் கடைசியில 'மாட்'னு சொல்ற ஸ்டைல் பசங்கள்ல ஒரு முரட்டு கோஷ்டி, ஜமைக்கா தெருப் பசங்களோட 'ரூட் பாய்' ஸ்டைலையும் சேத்துக்கிட்டு, முடிய ஒட்ட வெட்டி, டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ் மாட்டி, ஜமைக்கா இசையான ஸ்காவுக்கும் ரெக்கேவுக்கும் ஆடுச்சு. 1969ல ஜமைக்கா பாடகர் டெஸ்மண்ட் டெக்கரோட 'இஸ்ரேலைட்ஸ்' அங்க நம்பர் ஒன். அதுக்காக புனிதருங்கன்னு நினைச்சுடாதீங்க, அப்பவே தெருவுல ஆசியக்காரங்கள அடிச்சவனும் அதுக்குள்ள இருந்தான். பாட்டு பிடிச்சா பாடுறவன் சாதிசனத்த பிடிக்கணும்னு கட்டாயமா என்ன?

கேள்வி: அப்ப அந்த இனவெறிக் கட்சி நேஷனல் ஃப்ரண்ட் எங்க வந்துச்சு?

பதில்: கட்சி 1967லயே இருக்கு. 70கள் கடைசியில வேலை இல்லாம சுத்தின பசங்கள ஃபுட்பால் கிரவுண்ட் வாசல்லயும் கச்சேரியிலயும் ஆள் பிடிச்சாங்க. உச்சம்னா 1981 ஜூலை 3, லண்டன் சவுத்தால். பஞ்சாபிங்க நிறைஞ்ச ஏரியா, அங்க ஒரு பப்ல ஃபோர் ஸ்கின்ஸ்ங்கற ஸ்கின்ஹெட் பேண்ட் கச்சேரி, பஸ்ல வந்த ஸ்கின்ஹெட்ஸ் கடைய உடைக்க, ஏரியா பசங்க பப்பையே கொளுத்திட்டாங்க.

கேள்வி: பாட்டுக்காரங்க யாரும் எதிர்க்கலையா சார்?

பதில்: ஏன் இல்லாம? 1976ல பர்மிங்காம் மேடையில கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் வெளிநாட்டுக்காரங்கள திட்டி, குடியேறி வர்றவங்கள எதிர்த்த அரசியல்வாதி இனாக் பவலுக்கு ஜே போட்டார். கறுப்பர் இசையான ப்ளூஸ் வாசிச்சு சம்பாதிச்ச மனுஷன்! அந்தக் கோவத்துல பொறந்ததுதான் ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்ங்கற இனவெறி எதிர்ப்பு இயக்கம். 1978 ஏப்ரல்ல லண்டன் விக்டோரியா பார்க்ல பங்க் பேண்ட் கிளாஷ், ரெக்கே பேண்ட் ஸ்டீல் பல்ஸ் எல்லாம் ஒரே மேடை. அடுத்த வருஷம் கவென்ட்ரியில ஜெரி டேமர்ஸ் 'டூ டோன்'ங்கற ரெக்கார்டு கம்பெனி தொடங்கினார், கறுப்பு வெள்ளை கட்டம் போட்ட டிசைன், பேண்ட்லயும் ரெண்டு நிறத்து ஆளுங்க. சவுத்தால் எரிஞ்ச அதே ஜூலையில அவரோட பேண்ட் ஸ்பெஷல்ஸ் பாடின 'கோஸ்ட் டவுன்' நம்பர் ஒன். மூடிக்கிடந்த கிளப்பு, வேலையில்லாத ஊரு, அவ்வளவுதான் பாட்டு. எனக்குக் கேட்டா அந்த வருஷத்து பேப்பர் எல்லாத்தையும் விட அது போதும்.

கேள்வி: பாட்டு கோஷ்டி ஸ்பைஸ் கேர்ள்ஸ்ல ஒருத்தி யூனியன் ஜாக், அதான் பிரிட்டிஷ் கொடி, டிரஸ் போட்டப்ப ஏன் யாரும் திட்டல?

பதில்: 1992ல ஃபின்ஸ்பரி பார்க்ல பாடகர் மாரிஸி அதே கொடிய ஆட்டினப்ப அவரைத் திட்டித் தீர்த்தாங்க, ஏன்னா கூட்டத்துல ஸ்கின்ஹெட்ஸ், கொடி இன்னும் நேஷனல் ஃப்ரண்ட் கையில இருக்கற மாதிரிதான் பலருக்கும் தெரிஞ்சுது. நடுவுல பிரிட்பாப்ங்கற 90கள் பிரிட்டிஷ் ராக் அலை வந்து, ஒயாசிஸ் பேண்ட் நோயல் கேலகர் கொடி போட்ட கிட்டார் வாசிச்சார், 1997ல ஸ்பைஸ் கேர்ள்ஸோட ஜெரி ஹாலிவெல் போட்டப்ப அது வெறும் ஃபேஷன். ஆனா பிரிட்பாப் மேடையில கறுப்பு முகம் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, டூ டோன் அளவுக்கு இல்ல.

கேள்வி: இதுல நம்மாளுங்க யாராவது?

பதில்: மாயா அருள்பிரகாசம், மேடைப் பேரு எம்.ஐ.ஏ., ஈழத்தமிழ்ப் பாடகி. லண்டன்ல பொறந்து, யாழ்ப்பாணத்துல வளர்ந்து, 80கள்ல அகதியா திரும்பிப் போன பொண்ணு. அவங்க 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டுல ஓடற இசை கிளாஷோட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'ல இருந்து எடுத்தது. ஆமா, விக்டோரியா பார்க்ல வாசிச்ச அதே கிளாஷ்.