கறையான் தோட்டத்துக் காளான்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோடை மழை விட்டதும் சாலையோரம் விற்கும் பெரிய வெள்ளைக் காளானை, ஜூலுக்காரர்கள் ‘இகோவே’ என்கிறார்களே, அதை வீட்டில் வளர்க்கலாமா? புற்றுக்குள்ளிருந்த பஞ்சுபோன்ற கட்டியைத் தொட்டியில் புதைத்தேன். கறுப்புக் குச்சிகள்தான் முளைத்தன.
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அந்தக் குச்சி சைலேரியா வகைப் பூஞ்சை. புற்றுக்குள் ஒளிந்தே கிடக்கும்; கறையான் நடமாடிக்கொண்டிருந்தால் தலைதூக்காது. நீங்கள் கொண்டுவந்ததோ ஆளில்லாத வீடு.

தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிப் பெயரையே தாங்கிய மேக்ரோடெர்மிஸ் நட்டாலென்சிஸ் கறையானால் மரத்தைத் தனியாகச் செரிக்க முடியாது. இளம் வேலைக்காரக் கறையான்கள் காய்ந்த புல்லையும் சுள்ளியையும் தாங்கள் வளர்க்கும் பூஞ்சையின் வெள்ளை மணிகளோடு சேர்த்துத் தின்று, பாதி செரித்த கழிவை அந்தக் கட்டியின் மேல் பூசும். மணிகளிலிருந்த வித்து அதிலேயே முளைத்து, மரத்தை இறுக்கமாக்கும் லிக்னினை உடைக்கும். பதமாகிப்போன அடிப்பகுதி முதிய கறையான்களுக்குச் சாப்பாடு. மேலே விதைப்பு, கீழே அறுவடை! உள்ளே ஏறக்குறைய 30 டிகிரி வெப்பம், குறையாத ஈரம், ஓயாத களையெடுப்பு. சுமார் 3 கோடி ஆண்டாக நடக்கும் விவசாயம் இது. சிப்பிக்காளான் செத்த மரத்தில் தனியாகப் பிழைப்பது, அதனால் வைக்கோல் போதும். இகோவேக்குக் கறையானே வேண்டும்.

பறிப்பவர்கள் கவனிக்க: மழைக்குப்பின் புல்தரையில் வரும் பச்சைவித்துக் காளான் பார்வைக்கு இதேபோல் இருக்கும். இளசில் அதன் அடிமடிப்புகளும் வெள்ளைதான், ஏமாறுவது அங்கேதான். குடையை வெள்ளைத் தாளில் மடிப்புப் பக்கம் கீழே இருக்க வைத்து, கிண்ணத்தால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். பச்சைப் பொடி படிந்தால் எறிந்துவிடுங்கள். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. வெள்ளைப் பொடியா? அதையும் தொடாதீர்கள், ஆளைக் கொல்லும் அமானிட்டாவுக்கும் வெள்ளைதான். இகோவேயின் பொடி வெளிர் ரோஸ். அதோடு தண்டைப் பிடுங்காமல் தோண்டிப் பாருங்கள்: வேர்போல நீண்டு கறையான் கூடுவரை இறங்கும். இரண்டும் பொருந்தினாலும், பழகிய ஒருவர் பார்க்காமல் சட்டியில் போடவேண்டாம்.

கேள்வி: புரோட்டியா செடிக்குக் கோழி எரு போட்டேன். இலையோரம் கருகிச் செத்துவிட்டது. ஏன்?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: எருவிலுள்ள பாஸ்பரஸ்தான். புரோட்டியாவின் தாயகமான கேப் பகுதி மணலில் அது மிகக் குறைவு. அதனால் புரோட்டியா மேல்மண்ணில் புட்டி கழுவும் பிரஷ்போலக் கொத்துவேர் விட்டு, அமிலம் கசியவைத்து, மண்துகளில் ஒட்டியதையும் கரைத்து உறிஞ்சும். இழுக்கத் தெரிந்த செடிக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது. அடுத்த கன்றை நீர் தேங்காத மணற்பாங்கில் வையுங்கள். எலும்புத்தூளும் கூடாது. அடியைக் கொத்தாதீர்கள், கொத்துவேர் அறுந்துபோகும். மிச்ச எருவை வாழைக்குப் போடுங்கள், அது கேட்டு வாங்கித் தின்னும்.