பத்துக்குப் பத்து அறை, கையில் பதினையாயிரம்: ஆடியோ கேள்வி பதில்

முத்தியால்பேட்டையில் இருபது வருடமாக ஆம்ப், அதாவது ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர், திறந்து மூடுகிறேன். இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப், ஒரு அறை, இவ்வளவுதான் என் எல்லை. கார் ஆடியோ கேட்காதீர்கள்.

லாஸ்பேட்டை: சார், 40 வாட்ஸ் ஆம்ப் இருக்கிறது. பாஸே (அடிநாதம்) வரவில்லை. 15,000 ரூபாய்க்குள் 100 வாட்ஸ் ஆம்ப் வாங்கலாமா? அறை பத்துக்குப் பத்து, கூரையும் பத்தடி.

வேண்டாம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). 40, 100 ஆனாலும் 4 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்கு ஆனமாதிரி காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். அதே 3 டெசிபலை, சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்ஸுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 86 டெசிபல் உள்ள ஸ்பீக்கரை மாற்றி 89 உள்ளதைப் போட்டால் இருக்கிற ஆம்பிலேயே வாங்கிவிடலாம்.

ஆனால் உங்கள் சிக்கல் அதுகூட இல்லை என்று நினைக்கிறேன். பத்தடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலி வந்து தங்கிக்கொள்ளும், உங்களுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்பதால் மூன்றும் அதே 56 ஹெர்ட்ஸில் போய் உட்காருகிறது. அந்த ஒலி சுவரோரம் குமுறும், அறை நடுவில் காணாமல் போகும். நாற்காலியை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நடுவில்தான் என்று பந்தயம் கட்டுகிறேன். பின்சுவரிலிருந்து மூன்றேகால் அடியில் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரையும் மூலையிலிருந்து ஒன்றரை அடி இழுங்கள். காசு செலவில்லை. பர்ஸை அப்புறம் திறக்கலாம்.

வில்லியனூர்: 2000 வாட்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, வாங்கலாமா?

அது பிஎம்பிஓ கணக்கு, ஒரு நொடிகூட நிற்காத உச்சத்தை ஊதிப் போடுவது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும் வாட்ஸ், எவ்வளவு என்று பாருங்கள்.

தேவனாம்பட்டினம், கடலூர்: ஒரு பக்கம் சத்தம் நின்றுவிடுகிறது, வால்யூமைக் கூட்டினால் திரும்ப வருகிறது.

உப்புக்காற்று. ஆம்பின் உள்ளே ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேற்பூச்சு போய்விடும், ரிலேயையே மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், பழகியவரிடம் கொடுப்பது நல்லது.

நெல்லிக்குப்பம்: அறை அறை என்கிறீர்களே அண்ணே, முட்டை அட்டை ஒட்டினால் தீர்ந்தது. நான் இருநூறு ஒட்டினேன்.

எது தீர்ந்தது? கைதட்டினால் வரும் கிணுகிணுப்பு கொஞ்சம் குறைந்திருக்கும். 56 ஹெர்ட்ஸ் அலை இருபதடி நீளம், அதற்கு முட்டை அட்டை இருப்பதே தெரியாது.

நெல்லிக்குப்பம்: பக்கத்து வீட்டில் இப்போது புகார் இல்லையே?

அவர்கள் பழகியிருப்பார்கள். சத்தத்தைத் தடுக்க கனம் வேண்டும், அட்டையில் கனம் எங்கே? அதோடு காகித அட்டை தீப்பிடித்தால் நின்று எரியாது, ஓடி எரியும். தயவுசெய்து கழற்றுங்கள்.

அரியாங்குப்பம்: அப்போ இலவம் பஞ்சு மெத்தை?

இது உருப்படியான கேள்வி. பழைய மெத்தையை, சத்தம் பட்டுத் திரும்பும் பக்கச்சுவரில் நிறுத்தினால் பேச்சும் பாட்டும் தெளியும். கண்ணாடியைச் சுவரில் நகர்த்திப் பாருங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே. பாஸுக்கு இதுவும் போதாது. பாஸ் அதிகமாகக் குமுறினால் ஸ்பீக்கர் பெட்டியின் ஓட்டையில் ஒரு காலுறையைச் சுருட்டிச் செருகுங்கள், துவைத்ததாக இருக்கட்டும்.

நெல்லிக்குப்பம்: எங்கள் ஊர் ஸ்டுடியோவிலேயே முட்டை அட்டைதான்.

இருக்கட்டும். இதற்குமேல் முட்டை பற்றிப் பதில் கிடையாது.

மஞ்சக்குப்பம்: 60 வாட்ஸிலிருந்து 120 போனால்?

3 டெசிபல். மேலே படியுங்கள்.

திருப்பாப்புலியூர்: ஸ்பீக்கருக்கு விலை உயர்ந்த ஒயர் அவசியமா?

ஐந்து மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு செப்பு ஒயர் போதும். போக வர சேர்த்து ஒயரின் தடை 0.12 ஓம்தான். முனையை மட்டும் வருடம் ஒருமுறை வெட்டிப் புதிதாகச் சீவுங்கள், இங்கே செப்பு பச்சை பிடிக்கும்.

முதலியார்பேட்டை: 30 வாட்ஸை 50 ஆக்கினால்...

சார்.

லாஸ்பேட்டை: நாற்காலி நடுவில்தான் இருந்தது! எப்படித் தெரிந்தது? நகர்த்தினேன், பாஸ் வந்துவிட்டது. இப்போது 15,000 அப்படியே இருக்கிறது.

பத்துக்குப் பத்தில் எல்லோரும் அங்கேதான் போடுவார்கள். பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். பழையது வாங்கினால் கோனைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்று விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், ஃபோம் நம் ஊர் ஈரத்தில் நாளடைவில் பொடியாகிவிடும். ரப்பராக இருந்தால் பேரம் பேசுங்கள்.