“வலி மாத்திரையே வேண்டாம்னு சொல்றாருங்க”

கேள்வி: வணக்கமுங்க. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டறோமுங்க. வீட்டுக்காரருக்கு 46 வயசு. நைட் ஷிப்ட்ல மேலு வலி தெரியாம இருக்கோணும்னு ஆரம்பிச்ச டேபென்டடால் மாத்திரையும், பிராந்தியும் சேர்ந்து பழகிப் போச்சு. சிகிச்சைக்குப் போயி, இப்ப 13 மாசமா ரெண்டையும் தொடறதில்லீங்க. அந்தப் பழக்கம் மறுபடி வராம இருக்க, தினமும் நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. ஒண்ணு போடறாரு. பாவு (நூல் சுத்தின உருளை) தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்து, இன்னும் மூணு வாரத்துல ஆபரேஷன். “வலி மாத்திரையே வேண்டாம், பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கறேன். பழசை டாக்டர்கிட்டச் சொல்லாத”ங்கறாரு. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறா, ஊருக்குத் தெரிஞ்சிரும்னு பயம். நான் என்னங்க பண்றது?
— பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, 13 மாதம் என்பது சின்ன விஷயமில்லை. அதைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அவர் மாத்திரையே வேண்டாம் என்கிறார். ஆனால் எனக்குப் பயமே அந்த முடிவைப் பார்த்துத்தான். ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று நாள் வலி அதிகமாக இருக்கும். தூக்கமும் கெட்டு, இருமினால்கூட உயிர் போகிற மாதிரி இழுக்கும்போது, ராத்திரி 2 மணிக்கு மனசு பழைய மாத்திரையைத்தான் நினைக்கும். அடக்காமல் விட்ட வலியே பலரைத் திரும்ப இழுத்துவிடுகிறது. வலிக்கு மருந்து எடுக்கத்தான் வேண்டும். எதை, எவ்வளவு, யார் கையால் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவரிடம் மறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். நால்ட்ரெக்ஸோன் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அவரே ஒப்புக்கொள்வார். டேபென்டடால் மாதிரியான அபின் வகை வலி மருந்துகள் மூளையில் போய் ஒட்டுகிற இடங்களை இது பிடித்து வைத்துக்கொள்ளும். விஷயம் தெரியாத மயக்க மருத்துவர் ஃபென்டனைலோ டிரமடாலோ கொடுத்தால் வேலை செய்யாது. வேலை செய்யவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனால் மூச்சு அடங்குகிற ஆபத்து. அதனால் ஆபரேஷனுக்கு 72 மணி நேரம் முன்பே இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது வழக்கம். மாதம் ஒரு முறை போடும் ஊசியாக இருந்தால் நான்கு வாரம். ஆனால் குடலிறக்கத்துக்கு முதுகுத் தண்டு ஊசியிலேயே ஆபரேஷன் செய்யலாம், அபின் வகை மருந்தே தேவைப்படாமல் போகலாம். அப்படியானால் நிறுத்தாமலே செய்ய முடியும். இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மனநல மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். இந்த வாரமே இரண்டு பேரையும் பாருங்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் சொன்னால் யாருக்கும் யோசிக்க நேரமிருக்காது.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்துக்கு: 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதைப் பழக்கச் சிகிச்சை பற்றிய விவரங்களையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. வார்டில் பத்துப் பேர் நடுவில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாளில் எழுதி மருத்துவர் கையில் கொடுங்கள்: “இவர் 13 மாதமாக மதுவும் டேபென்டடாலும் இல்லாமல் இருக்கிறார். தினமும் நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. சாப்பிடுகிறார். அபின் வகை மருந்து இல்லாமல் வலிக்கு வழி செய்யுங்கள். கட்டாயம் தேவை என்றால் எங்களிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.” அதே தாளில் கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் இணைத்துவிடுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: வெட்டின இடத்தைச் சுற்றி மரத்துப்போகிற ஊசி போட முடியுமா? பூபிவகெய்ன் என்ற மருந்து. நால்ட்ரெக்ஸோன் இருந்தாலும் இது வேலை செய்யும். முதல் சில மணி நேர வலியை இதுவே தாங்கிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு முதுகெலும்பு மாதிரி நிற்பது சாதாரண பாராசிட்டமால்தான். குடித்த கல்லீரலுக்கு ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 650 மி.கி. மாத்திரை காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மூன்று வேளை போட்டால் 1,950 மி.கி. கணக்கு சரியாக இருக்கும். வலித்தால் போடலாம் என்று காத்திருக்க வேண்டாம், முதல் மூன்று நாள் மணி பார்த்துக் கொடுங்கள். ஏறிவிட்ட வலியை இறக்குவதற்கு அதிக மருந்து வேண்டும். கணக்கு தப்புவது எங்கே தெரியுமா? சளி மாத்திரை, அசிக்ளோஃபெனாக் சேர்ந்த வலி மாத்திரை என்று பலவற்றுக்குள் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் படிக்காமல் இரண்டையும் போட்டால் அளவு தாண்டிவிடும்.

அது போதாவிட்டால் ஐபுப்ரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளை, நான்கைந்து நாளைக்கு, மருத்துவர் சரி என்றால் மட்டும். குடித்தவர்களுக்கு வயிற்றுப் புண் இருப்பது சகஜம். அதற்காகத்தான் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் எழுதுவார்கள். கல்லீரல் சுருங்கியிருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ ஐபுப்ரோஃபென் வகையே கூடாது.

மெடிக்கலில் “மேலு வலிக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க” என்று வாங்குகிற பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவதில் பெயர் எங்கே இருக்கும்? அதில் டிரமடால் இருக்கலாம். 2018-லிருந்து அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிற மருந்து. பழக்கமும் பிடிக்கும், வலிப்பும் கொண்டுவரும். நரம்பு வலிக்கு என்று எழுதுகிற பிரிகாபலின், தூக்கத்துக்கு அல்பிரசோலம், இருமலுக்குக் கோடீன் டானிக், இவையும் இவருக்கு ஆகாது. டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கியவுடன் ஒவ்வொரு வரியாக நர்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

நம் பக்கம் இன்னொரு கண்ணி உண்டு. மேலு வலி தீரட்டும் என்று பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து தசமூலாரிஷ்டம் வாங்கி வருவார்கள். அரிஷ்டம், ஆசவம் எல்லாம் நொதிக்க வைத்துச் செய்வது. 5 முதல் 12 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும், பீர் அளவுக்குக் குறையாது. பார்க்க வரும் பங்காளிகளிலும் ஒருவர், “கொஞ்சூண்டு போட்டா வலி தெரியாது மாப்ள” என்பார். முதல் பத்து நாளைக்கு நீங்களோ, விஷயம் தெரிந்த மச்சானோ பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

எல்லா மாத்திரையும் உங்களிடம், பூட்டில். நோட்டில் தேதி, மணி, மாத்திரை, வலி பத்துக்கு எத்தனை என்று குறியுங்கள். நேரத்துக்கு முன்பே கேட்கிறார், காயம் ஆறுகிறது ஆனால் வலி கூடுகிறது என்றால், போதை ஏக்கம் என்று உடனே முத்திரை குத்தாதீர்கள். முதலில் காயத்தைப் பாருங்கள். சீழ், சிவப்பு, காய்ச்சல், விதைப்பையில் பெரிய வீக்கம், சிறுநீர் போகாமல் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு. அதெல்லாம் இல்லை, மனசுதான் கேட்கிறது என்றால் அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அந்த அலை பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். தணியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது.

மருந்தில்லாத சில காரியங்களும் வலியைக் குறைக்கும். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் சின்னத் தலையணையைக் காயத்தின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். முக்கினால் தையல் இழுக்கும் என்பதால் கீரைக் கடைசல், கொய்யா, நிறையத் தண்ணீர்.

மருத்துவர் கட்டாயம் என்று சொல்லி அபின் வகை மருந்து கொடுத்தால் பயப்பட வேண்டாம். டேபென்டடால் தவிர வேறொன்று, இரண்டு மூன்று நாளுக்கு மட்டும், எண்ணி வாங்குங்கள். ஆனால் இதை அவர் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்: 13 மாதத்தில் உடம்பின் பழைய தாங்கும் சக்தி போய்விட்டது. அன்று போட்ட அளவை இன்று போட்டால் மூச்சே நின்றுவிடலாம். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் பக்கவாட்டில் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அபின் வகை மருந்தை முறிக்கிற நாலோக்ஸோன் ஊசி போட்டால் பிழைக்க வைக்கலாம்.

நால்ட்ரெக்ஸோனை மறுபடி தொடங்குவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நிறுத்தியிருந்து, அபின் வகை எதுவும் எடுக்கவில்லை என்றால் மருத்துவர் சொன்ன நாளில் உடனே தொடங்கலாம். எடுத்திருந்தால் கடைசி வேளையிலிருந்து 7 முதல் 10 நாள் இடைவெளி வேண்டும். முந்திப் போட்டால் வாந்தி, பேதி, வியர்வை, எலும்பைப் பிழிகிற வலி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். அந்த இடைவெளி நாட்களில் அவருக்குத் துணை மருந்தும் இல்லை. ஆகவே மனநல மருத்துவரைப் பார்க்கிற தேதியை ஆபரேஷனுக்கு முன்பே குறித்து வாங்கிவிடுங்கள். பாவு தூக்குவதற்கு 6 வாரம் ஆகட்டும். தறியில் நூல் தார் மாற்றுகிற அளவு லேசான வேலையை எப்போது தொடங்கலாம் என்று அறுவை மருத்துவரிடம் தையல் பார்க்கிற அன்றே கேளுங்கள். “நால்ட்ரெக்ஸோன் எடுக்கிறேன்” என்று ஒரு சீட்டு எழுதி, இன்றைக்கே அவருடைய பர்ஸில் வையுங்கள்.