ராத்திரி வேலைச் சத்தமும் அம்மாவின் தூக்கமும்
வணக்கம். சென்னையில் வீட்டு வாசலிலேயே மெட்ரோ நிலைய வேலை, நள்ளிரவிலும் சத்தம், அம்மா தூங்குவதில்லை, சின்ன விஷயத்துக்கும் பதறுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இதை வயதுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். சத்தத்தைவிட, அது எப்போது வரும் என்று காத்துக் கிடப்பதுதான் ஆளை அரிக்கும். முதல் கட்ட வேலை நடந்தபோது என் மாமியார் சத்தமில்லாத ராத்திரிகளிலும் விழித்தே கிடந்தார்.

தளப் பொறியாளரைப் பார்த்து, நடப்பது என்ன வேலை என்று கேளுங்கள். சுரங்கம் தோண்டும் இயந்திரம் வீட்டைக் கடந்ததும் அதன் அதிர்வு நின்றுவிடும். நிலையம் கட்டுவது வருடக்கணக்கில் இழுக்கும். எந்தெந்த இரவில் வேலை என்று வாராவாரம் கேட்டு, காலண்டரில் அம்மாவையே குறிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பாதிப் பதற்றம் அதில்தான் போனது.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. தெருக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு, இதைச் சொல்லியே புகார் கொடுங்கள்.

அப்புறம், அம்மாவின் கட்டிலை இன்றைக்கே பின்னறைக்கு மாற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள்; அது டெலிமானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி. இலவசம், தமிழிலேயே பேசலாம்.