முருகனுக்கு எதற்கு முன்னுரை?

ஐயா,
பேராவூரணிப் பக்கம் என் ஊர். வள்ளி திருமணம், பவளக்கொடி நாடகங்களில் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேடம், கட்டிக்கொண்டிருந்தேன். பைக் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக்கால் போட்டிருக்கிறேன். வைகாசியில் மறுபடி மேடை ஏறப் போகிறேன். நான் வருமுன் என் கதையை மைக்கில் சொல்லவேண்டும் என்கிறார்கள் விழாக் கமிட்டியார். பாதிச் சம்பளத்துக்குச் சரி என்றுவிட்டேன். சுதா சந்திரன் போல என்னால் முடியுமா? இல்லை, ஆர்மோனியத்துக்குப் போய்விடட்டுமா? இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பற்றி என்ன படிக்கலாம்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

படிப்பதை அப்புறம் பார்க்கலாம். சுவாமிகள் பாட்டைப் பாடுகிறாயே, இப்போதைக்கு அது போதும். ஆர்மோனியம் கால் போனவர்களுக்கு ஒதுக்கிவைத்த இடமல்ல. அந்த எண்ணத்தை வெளியில் சொல்லாதே, வாசிக்கிறவர்கள் அடிக்க வருவார்கள். 1981இல் திருச்சி அருகே பஸ் விபத்தில் சிக்கிக் காலை இழந்தவர் சுதா சந்திரன். ஜெய்ப்பூர் கால் கட்டிக்கொண்டு திரும்ப ஆடினார். அவர் தொழிலே காலில் இருந்தது. உனக்குத் தொண்டையில் இருக்கிறது.

அந்த மைக் அறிவிப்புக்கு வருகிறேன். சமீபத்தில் ஒரு கோயில் விழாவில் பார்வையில்லாத ஒருவரைப் பாட அழைத்தார்கள். அவர் வாய் திறப்பதற்குள் கூட்டத்தை அழவைத்துவிட்டார்கள். அவர் பாடிய காம்போதி ராகத்தை ஒருவரும் கேட்கவில்லை, கைதட்டினார்கள். அன்றிலிருந்தே பொருமிக்கொண்டிருக்கிறேன், உன் கடிதம் வந்தது.

வள்ளி திருமணத்தில் வேடனாக வருகிறவன் யார்? முருகன். முருகனுக்குக் கால் போன கதையை ஊர்ப் பெரியவர் மைக்கில் சொல்லிவிட்டால் வள்ளி யாரோடு தர்க்கம் செய்வாள்? பாவம் என்று விட்டுக்கொடுத்துவிடுவாள். மிருதங்கக்காரர் உனக்காகக் காலப்பிரமாணத்தைக் குறைப்பார். நீ சுருதி விலகினாலும் கைதட்டுவார்கள். இதைவிட ஒரு பாட்டுக்காரனுக்குச் செய்யக்கூடிய கெடுதல் வேறில்லை. ‘தன்னம்பிக்கை நாயகன்’ என்று பேனர் வைத்தால் அவிழ்க்கச் சொல்.

சின்ன வயதில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு நாடகத்தில் ஓலைத்தட்டி இடுக்கு வழியே உள்ளே எட்டிப் பார்த்தேன். நாரதர் பெட்டிமேல் உட்கார்ந்து கட்டைக்காலைக் கழற்றிக்கொண்டிருந்தார். முனை சிவந்து கன்றியிருந்தது. பவுடரைத் தட்டினார், பழைய வேட்டிக் கிழிசலை நிதானமாகச் சுற்றினார், வாரை இறுக்கினார். வெளியே பபூன் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, உள்ளேயிருந்தே விருத்தத்தை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். முன்வரிசையில் இருந்த என் பெரியப்பாவுக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. “என்ன குரல்டா” என்பார், அவ்வளவுதான்.

நீயும் அப்படிச் சில ஏற்பாடுகளைச் செய்துகொள். நடமாட நடமாட முனை சுருங்கும். மாலையில் கச்சிதமாக இருக்கிற சாக்கெட், அதுதான் முனையைச் செருகும் கிண்ணம், நடுராத்திரிக்குத் தளர்ந்து உராயும், வைகாசி வியர்வை வேறு. முனைக்கு மாட்டும் துணி உறைகளைக் கூடுதலாகக் கையோடு எடுத்துப் போ, காட்சிக்குக் காட்சி பார்த்து மாட்டிக்கொள். நீ தயாராகும்வரை பபூனை இழுத்தடிக்கச் சொல், அவர்களுக்கு அது பிடித்த வேலை. புண் கண்டால் அன்றைக்குக் கால் போடாதே. மேடைப் படிக்கு ஒரு கைப்பிடி கேள். அது சலுகை இல்லை, பாதிக் கலைஞர்கள் அந்தப் பலகையில் சறுக்குகிறவர்கள்தான்.

சம்பள விஷயத்தில்தான் எனக்கு நிஜமான கோபம். பாதிப் பாட்டா பாடப் போகிறாய்? கமிட்டியாருக்கு இன்றைக்கே போன் போட்டு முழுத்தொகையைப் பேசு. முன்பணம் கைக்கு வராமல் வேனில் ஏறாதே.