சூரியன் இறங்க 13 ஆண்டு

கே: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 312-இல் மில்வியன் பாலப் போரில் வென்று கிறிஸ்தவத்துக்கு மாறினார், அத்தோடு ரோமின் பழைய தெய்வங்கள் ஒழிந்தன, அவர் வெளியிட்ட காசுகளே சாட்சி என்று ஒரு மேடையில் பேசினார்கள். சரியா?
(கல்லூரி மாணவி, கரூர்)

ப: தவறு. காசுகளைச் சாட்சிக்கு அழைத்தால் அவை நேர்மாறாகத்தான் சொல்லும்.

போர் முடிந்து ஐந்தாறு ஆண்டுகள் வரை கான்ஸ்டன்டைனின் செப்புக்காசுகளில் அதிகம் தென்படுவது சூரிய தேவன்தான். தலையில் கதிர்முடி, உயர்த்திய வலக்கை, இடக்கையில் உலக உருண்டை, சுற்றிலும் 'வெல்லற்கரிய தோழனாகிய சூரியனுக்கு' என்ற லத்தீன் வாசகம். பொற்காசில் அவன் 325 வாக்கில்தான் மறைகிறான். 321-இல் வார ஓய்வுநாளை அறிவித்த சட்டம்கூட அதை 'வணக்கத்துக்குரிய சூரியனின் நாள்' என்றே குறிப்பிடுகிறது. அரசவையில் கிறிஸ்தவ ஆயர்கள் இருந்தார்கள். படையிலும் செனட்டிலும் பழைய சமயத்தாரே மிகுதி. சூரியன் இரு தரப்புக்கும் உறுத்தாத உருவம்.

மேடைகளில் தவறாமல் காட்டப்படுவது 315-இல் இத்தாலியின் டிசினம் நகரில் அடித்த வெள்ளிப் பதக்கம். கிறிஸ்துவின் பெயரில் முதலிரு கிரேக்க எழுத்துகளைப் பிணைத்த 'கை-ரோ' சின்னம் அதில் இருப்பது உண்மை. எங்கே? மன்னனின் தலைக்கவசத்து உச்சியில், சிறு வட்டுக்குள். அதே பதக்கத்தில் அவன் ஏந்திய கேடயத்தில் ரோமின் தோற்றக் கதையில் வரும் ஓநாய்த் தாய் இரட்டையருக்குப் பாலூட்டுகிறாள். இதை யாரும் சொல்வதில்லை. அன்றியும் அது சந்தையில் புழங்கிய காசு அல்ல, பரிசளிக்க அடித்தது. கிடைத்தவை மிகச் சில. அதை வைத்து மக்களின் நம்பிக்கையை அளக்க முடியாது.

ஆகவே சின்னம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில், எந்த உலோகத்தில், எத்தனை காசில் என்றும் கேளுங்கள். பின்புறத்தில் உருவத்துக்குப் பக்கத்து வெற்றிடத்தில் நிற்கும் சிறு குறி, பல நேரம் எந்த அக்கசாலை (காசடிக்கும் கூடம்), எந்த வெளியீடு என்று பிரித்தறிய இட்ட அடையாளம். நட்சத்திரம், பிறை, இலை வரிசையில் கை-ரோவும் அப்படி வருவதுண்டு. அதை அரச ஆணையாகப் படிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. பின்புறம் முழுவதையும் கை-ரோ அடைத்துக்கொள்ளும் செப்புக்காசு 353 வாக்கில்தான் வருகிறது. அதை அடித்தவர் ஆட்சியைக் கைப்பற்றியிருந்த மாக்னென்டியஸ், அதுவும் தோல்வி நெருங்கிய வேளையில். ஆதரவு திரட்டும் அவசரம் அதில் தெரிகிறது. பழைய சமயத்தாருக்கு இரவுப் பலியை அனுமதித்திருந்தவரும் இவரே.

உங்கள் ஊருக்கே வருவோம். அமராவதிப் படுகையில் பிற்கால ரோமச் செப்புக்காசுகள் கிடைக்கின்றன, இலங்கையில் ஆயிரக்கணக்கில். இவ்வகைக் காசுகளில் 388-ஐ ஒட்டி அடித்த ஒன்றைப் பாருங்கள்: 12 முதல் 14 மி.மீ., எடை 1 கிராம் சொச்சம். வெற்றித் தேவதை விக்டோரியா கைதியை இழுத்துச் செல்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் கை-ரோ. செனட் மண்டபத்திலிருந்து அவளுடைய பலிபீடத்தை 382-இலேயே அகற்றிவிட்டார்கள். காசிலிருந்து அவளை அகற்ற முடியவில்லை. ஆறாம் நூற்றாண்டில், முதலாம் ஜஸ்டின் காலப் பொற்காசில்தான் அவள் ஆண் தேவதூதனாக உருமாறுகிறாள். சிறகு மட்டும் அப்படியே.

அந்தக் கை-ரோ ஓரிரு மில்லிமீட்டர்தான். புளி போட்டுத் தேய்த்தால் பச்சைப் படிவத்தோடு அதுவும் கரைந்துபோகும். பிறகு எந்த வெளியீடு என்று யாராலும் சொல்ல முடியாது. கிடைத்தால் தேய்க்காதீர்கள். காய்ந்த மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில், பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள்.